சோனியா படகில் கட்டிய பீக்கன்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மாலுமிகள் சங்கத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பீட்டர் அண்ணே, மேரி அண்ணி, கும்மிடிப்பூண்டி ஆலைகளிலிருந்து ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நான் அன்புராஜ், வள்ளூர்க்காரன். மூன்றாம் அதிகாரி சோனியா பணியாற்றிய சரக்குக் கப்பலில் போசன். தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

உருக்காலைத் தொழிலாளி பீட்டரின் மகள் கப்பல் அதிகாரி! கவரைப்பேட்டைக்கு இது சின்னப் பெருமையா?

புயலில் சரக்கறைக்குள் தண்ணீர் புகுந்து கப்பல் சாய்ந்தது. கப்பலைக் கைவிடச் சொன்னார் கேப்டன். எல்லோரும் மிதவைப் படகில் இறங்கினோம். சோனியா மட்டும் மேல்தளத்துக்கு ஏறினார். எதற்கு? பீக்கனை எடுக்க. நாம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் ரேடியோ கருவி அது. கப்பல் மூழ்கினால் தானாகவே கழன்று மிதக்கும். ஆனால் அலை அதை ஒரு பக்கமும் நம்மை ஒரு பக்கமும் கொண்டுபோய்விடும். தேடி வருகிறவர்களுக்குக் கருவிதான் கிடைக்கும்; நாம் கிடைப்போமா?

அதை அணைத்துக்கொண்டு குதித்தார். கப்பலின் பக்கவாட்டில் நெஞ்சு மோதியது. இழுத்துப் போட்டோம். மூச்சுத் திணறியபடியே கருவியின் கயிற்றைப் படகில் கட்டி, சுவிட்சைப் போட்டார். விளக்கு மின்னியது.

இருட்டியதும் சமையல்காரர் ஜோசப் பயந்துவிட்டார். "பாட்டரி தீந்துட்டா இன்னா பண்றது? ஆஃப் பண்ணி வெச்சிக்கலாம்மா. எதுனா கப்பல் வந்தா போட்டுக்கலாம்."

"வாணாண்ணே. அது கத்திக்கினே இருந்தாத்தான் கப்பலே வரும். ரெண்டு நாள் தாங்கும். யாரும் கை வெக்காதீங்க" என்றார் சோனியா.

யாரும் கை வைக்கவில்லை. ஜோசப் இதோ, உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

பீட்டர் அண்ணே, "கடைசியா இன்னா சொல்லிச்சு எம் பொண்ணு?" என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். சோனியா என் மடியில் படுத்திருந்தார். "லைட்டு எரியுதாண்ணே?" என்றார். "எரியுதும்மா" என்றேன். அவ்வளவுதான் அண்ணே.

விடிந்ததும் ஹெலிகாப்டர் வந்தது. சுற்றித் தேடவில்லை, நேரே எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. சோனியாவை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

அந்தத் தங்கமகளுக்கு மாலை போட்டால் போதுமா? போதாது. வரும் ஞாயிறு ஜோசப்பும் நானும் பழவேற்காடு போகிறோம். பீக்கனை எங்கே கட்டுவது, எப்படிப் போடுவது, ஏன் அணைக்கக் கூடாது என்று மீனவர்களுக்குச் செய்து காட்டுவோம். அடுத்து காசிமேடு. அதற்கப்புறமும் நிற்க மாட்டோம்.

பீட்டர் அண்ணே, "நானும் வர்றேன்பா" என்று வாசலில் சொன்னீர்கள். ஞாயிறு காலையில் வீட்டுக்கு வருகிறோம். தயாராக இருங்கள்.