அஞ்சு நிமிஷ வெயில்

இல்ல டாக்டரம்மா, உக்காரல. நின்னுக்கினே சொல்லிட்றேன். உங்க மருந்துமேல தப்பு இல்ல, அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்கக்கா தையல்நாயகி பொய் சொல்றா. தானாவே வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டேன்னு சொன்னாளா? எங்கிட்டயும் அதேதான் சொன்னா.

நிக்க வெச்சது பரமசிவம் மாமா. அவ வூட்டுக்காரரு. பட்டுக்குச் சாயம் போடறவரு. அவளை இங்க கொண்டாந்து போட்டுட்டு உங்களைத் திட்டிக்கினு போனாரே, அவருதான்.

அக்காவுக்குக் கையில, கழுத்துல வெள்ளை வெள்ளையா வந்தப்போ நீங்க ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்புனீங்க. இது தொத்து இல்லப்பா, நோய்கூட சண்டை போட வேண்டிய சக்தி அவ நெறத்தையே போட்டு அடிக்குதுன்னு சொன்னீங்க. எங்க வூட்டுல மொத மொதல்ல பி.எஸ்ஸி. படிச்சவன் நானு. எனக்குப் புரிஞ்சுது. மாமாகிட்ட வெளக்கிச் சொன்னேன். உள்ளயே அடி வாங்கறவளா, அப்போ வெளிய வாங்கினா வலிக்காதுன்னு சிரிச்சாரு.

மருந்தைத் தடவி அஞ்சு நிமிஷம் வெயில் பட்டாப் போதும்னு நீங்க சொன்னதையும் நாந்தான் சொன்னேன். அவரு தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றாங்களாம். அதுக்குள்ள இவ தோலு ஒரே கலரா ஆவணுமாம். மருந்தை வழிய வழியத் தடவி, மொட்டை மாடியில ஏத்தி, கதவைப் பூட்டிட்டாரு. மத்தியானம் வரைக்கும். அவ கதவைத் தட்டினப்போ தொறந்து, சாய அடுப்பு வெறகுக்கட்டையால அவளை அடிச்சுத் திரும்பப் பூட்டினாரு. முதுகுல நீளமா இருக்குதே காயம், அது வெயில்ல வந்தது இல்லம்மா.

சாயம் போட்ட பட்டை அந்த ஆளு வெயில்ல காட்டவே மாட்டாரு. கலரு செத்துடும்னு நிழல்லதான் காய வைப்பாரு. ஒருவாட்டி நான் தெரியாம ஒரு கத்தையை வாசல்ல போட்டுட்டு அறை வாங்கியிருக்கேன்.

போலீசா? போனேன்மா. புருஷன் பொண்டாட்டி சங்கதி, காலேஜ் படிச்ச புள்ள உனக்கு எதுக்குப்பான்னாங்க.

நேத்து நர்சம்மா வளையலைக் கழட்டறப்போ தோலும் கூடவே வந்துது. அக்கா கத்தலை. சாயந்தரம் மாமா வந்தாரு. ஆறினதும் வந்து சேரு, மருந்து இன்னும் பாக்கி இருக்குதுன்னு அவ காதுல சொல்லிட்டுப் போனாரு.

பாக்கி இருந்துது. அரை பாட்டில்.

இன்னிக்குக் காலையில அவரு வூட்டுக்குப் போனேன். குடிச்சிட்டு மாடியிலயே சட்டை இல்லாமப் படுத்துக்கினு இருந்தாரு. தறியில பாவு நூலை இழுத்துக் கட்டற கயிறு அங்கயே கெடந்துது. அதால கையையும் காலையும் கட்டினேன், அது லேசுல அறுவாது. முழிச்சுக்கினப்போ ஒரு தபா மூஞ்சியில குத்தினேன், பல்லு ஒடைஞ்சுது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் மருந்தைத் தடவினேன். நெஞ்சு, முதுகு, மூஞ்சி. கண்ணுல படாமத்தான்.

நீங்க பதறாதீங்க. இப்போ பாத்தா ஒண்ணும் தெரியாது. கொப்புளம் ரெண்டு நாள் கழிச்சுதான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க. நான் கெளம்பறப்போ எங்கம்மாவைத் திட்டிக்கினு நல்லாத்தான் இருந்தாரு.

இந்தாங்க, மாடிக் கதவு சாவி. ஆளை அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். நான் அக்காவுக்குக் கஞ்சி குடுக்கணும், ஆறிடும்.