பச்சையாகவே இருந்த விளக்கு

கோப்பெங் சாலையில் காலையில் வண்டிகள் நகராது என்று நினைத்துச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன், இன்ஸ்பெக்டர். நீங்கள் பசியாறிவிட்டு வாருங்கள். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் ஷர்வின். ஈப்போவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அந்தக் கையுறைத் தொழிற்சாலையின் நிரலை எழுதியவன் நான்தான். தொழிற்சாலை நிற்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். என் அப்பா அங்கே பால்மரம் வெட்டினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்திரிகைக்காரர்கள் முடிச்சுப் போடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

விபத்து என்று எழுதப்போகிறீர்களாமே. அது தவறு. தவறாகப் பதிவாகும் எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அங்கே கையுறைகளைக் குளோரின் கலந்த நீரில் அலசுவார்கள். குளோரின் வாயு வால்வைத் திறப்பதும் மூடுவதும் என் பைத்தான் நிரல். பல வேலைகளை மாற்றி மாற்றி ஒரே நேரத்தில் கவனிக்கும் வகை. அதில் ஒரு விதி உண்டு: எதைத் திறந்தாலும் மூடிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். வேலை பாதியில் ரத்தானாலும் மூடும் பகுதி ஓடியே தீரும். ஆனால் சில சமயம் அந்த மூடும் பகுதியே தடுக்கி விழும். கட்டளை போய்ப் பதில் வருவதற்குள் அதுவும் ரத்தாகிவிடும். வால்வு பாதி திறந்தே நிற்கும். அப்போது நிரல் கத்த வேண்டும். நான் கத்த வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரியும், சங்கு ஊதும், உற்பத்தி லைன் நிற்கும், என் கைப்பேசிக்குச் செய்தி வரும்.

உற்பத்தி மேலாளர் கலாதேவிக்கு அது பிடிக்கவில்லை.

"என்னலா ஷர்வின், உன் புரோகிராம் எப்பப் பார்த்தாலும் ஒப்பாரி வைக்குது? லைன் நின்னா பாஸ் என்னையத்தான் கேப்பாரு."

"வால்வு மூடலக்கா, அதான் கத்துது. மூடுற வேலைய எதுவும் பாதியில நிறுத்தாத மாதிரி மாத்தணும். ஒரு நாள் லைனை நிறுத்திக் குடுங்க, டெஸ்ட் பண்ணிச் சரி பண்ணிடுறேன்."

"ஒரு நாளா? விளையாடுறியா? அது கத்தாம இருந்தா போதும்லா."

அடுத்த கூட்டத்தில் சங்கொலியைக் கைப்பேசியில் பதிந்து வந்து போட்டுக் காட்டினார். "இது சங்கு இல்ல, நம்ம ஷர்வின் அழுவுறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் முதலாளியும் சிரித்தார். அதன்பிறகு நான் கேன்டீனுக்குள் நுழைந்தாலே எவனாவது சங்கு ஊதுவான். தொட்டி கழுவும் சன்னாசி அண்ணன் மட்டும் சிரித்ததில்லை. "விடு தம்பி, அது கத்துனாத்தானே எங்களுக்கு நல்லது" என்பார்.

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவர்கள் குரலை உயர்த்துவார்கள். நான் உயர்த்தியதேயில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கலாதேவி கேட்டதைச் செய்து கொடுத்தேன். மூடும்போது வரும் பிழையைப் பிடித்து, வெளியே விடாமல் விழுங்கச் சொன்னேன். மூடியதோ இல்லையோ, விளக்கைப் பச்சையாக்கச் சொன்னேன். சில வரிகள்தான். கைப்பேசிக்கு வரும் செய்தியை மட்டும் எடுக்கவில்லை. அது எனக்கு வந்துகொண்டே இருந்தது. பெரும்பாலும் ஆபத்தில்லை, அடுத்த சுற்று வந்து வால்வை மூடிவிடும். தொட்டி கழுவ லைனை நிறுத்தும் நாளில்தான் அடுத்த சுற்று கிடையாது, வாயு கசிந்துகொண்டே இருக்கும். அந்த நாளில் முதலில் குளோரின் அறைக்குள் போய்ப் பார்ப்பவர் கலாதேவி. பச்சை எரிந்தால் முகமூடி போட மாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். நிரலை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று லைனை அவர்தான் நிறுத்தினார். சற்று நேரத்தில் வால்வு மூடவில்லை என்று எனக்குச் செய்தி வந்தது. என் மேசையிலிருந்தே தொழிற்சாலைக் கேமராவைத் திறந்தேன். குளோரின் அறைக் கதவு இறுக்கமானது, வாடை வெளியே வராது. விளக்கு பச்சை. கலாதேவி கதவருகே வந்தார். கைப்பேசி என் கையில்தான் இருந்தது. அவருடைய எண்ணும் திரையில் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். கத்தாமல் இருக்கச் சொன்னவர் அவர்தானே என்று இருந்துவிட்டேன்.

அப்போது பார்த்து வேறு யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பேசிக்கொண்டே விலகி, பின்னால் வந்த சன்னாசி அண்ணனுக்குக் கைகாட்டினார். அண்ணன் கதவைத் திறந்தார். உள்ளே போனார். தொட்டியைக்கூட எட்டவில்லை, மடங்கி விழுந்தார்.

கலாதேவி வாசலிலேயே நின்று கத்தினார். கேமராவில் ஒலி கிடையாது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அதன் பிறகும் நான் கூப்பிடவில்லை.

சன்னாசி அண்ணனை நான் கொல்ல நினைக்கவே இல்லை, இன்ஸ்பெக்டர். அவரைத் தூக்கக் கலாதேவி உள்ளே ஓடுவார் என்றுதான் காத்திருந்தேன்.