யாரும் மிதிக்காத கோலம்

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் மடியில் ஒயர்கள் பிதுங்கிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது.

"அவ கோலத்த யாராச்சும் மிதிக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன் லா," என்றாள் பெட்டிக்காரி. நான் கைப்பேசியை மூடி வைத்தேன்.

"என்னடி பேசுற?" என்றாள் தோழி.

"ஆர்ட் ஸ்டூடன்ட் ஒருத்தி, எஞ்சினியரிங் ஸ்டூடன்ட் ஒருத்தின்னு ஜோடி சேர்த்து புரொஜெக்ட் கொடுத்தாங்கல்ல? அவ கலர் அரிசியில கோலம் போட்டா. மேல தடிப்பா கண்ணாடி. அடியில என்னோட சென்சர். கால் வச்சா அந்த இடத்துல லைட் எரியும்."

"சூப்பர்தானே?"

"யாரு கால் வச்சா? கண்காட்சிக்கு வந்த நம்ம ஆளுங்க எல்லாம் சுத்திக்கிட்டுப் போறாங்க. 'மிதிங்க ஆன்டி'ன்னு கெஞ்சுறேன். 'ஐயோ, கோலம்மா!'ன்னு ஒதுங்குறாங்க. என் லைட் ஒரு தடவகூட எரியல. அவளுக்கு மட்டும் 'என்னா அழகு, என்னா அழகு'. கோலத்துக்குப் பக்கத்துல அவள நிக்க வச்சு போட்டோ வேற. எடுத்துக் கொடுத்தது யாரு? நான்!"

பிரிக்ஃபீல்ட்ஸ் கட்டடங்கள் சன்னலில் தெரிந்தன. தோழி எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"நீ டெஸ்ட் பண்ணப்ப எரிஞ்சுச்சா?"

"எல்லா லைட்டும் எரிஞ்சுச்சு."

"கால் வச்சுப் பார்த்தியா?"

பெட்டிக்காரி ஒயர்களை உள்ளே தள்ளி மூடியை அழுத்தினாள்.

"கையாலதான் அழுத்திப் பார்த்தேன்."