வெறும் கோதுமை மாவு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தால் ஆடாது. சரி, கேட்டதற்கு வருகிறேன்.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவன். படிப்பில்லை, படித்தவர்களை நம்பியதுமில்லை. மகனுக்கும் என் பட்டறையில்தான் வேலை. தாயில்லாப் பிள்ளை, நானே வளர்த்தேன். ஒரு நாளும் கை நீட்டியதில்லை.

கல்யாணமாகியும் குழந்தை இல்லை. மருமகளிடம் குறையில்லை என்று தெரிந்ததும் மகனைச் சோதித்தார்கள். நானும் கூடப் போனேன்.

"விந்து வர்ற குழாய்ல பாக்டீரியா கிருமி. அதான் வீக்கம், வலி. மருந்தை முழுசா சாப்பிட்டா குழந்தைக்கு வாய்ப்பு இருக்கு. விட்டா குழாய் அடைச்சுக்கும், கிருமி ரத்தத்துலயும் ஏறலாம்," என்றார் டாக்டர்.

"எங்க வம்சத்துல எவனுக்கும் இப்படி வந்ததில்ல."

"வந்திருந்தா உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களா பெரியவரே?"

அந்த ஆளை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் முதல் மாத்திரையை விழுங்க மகன் பட்ட பாட்டைப் பார்த்து மருமகள் சிரித்தாள். "பாருங்க மாமா, பூசணிக்காயை முழுங்கற மாதிரி முழிக்கறாரு."

"சிரிடி சிரி. புள்ள அழுதா நீதான் எந்திரிக்கணும்," என்றவன் என் பக்கம் திரும்பினான். "அப்பா, குழந்தை வந்துட்டா இங்க இடம் பத்தாது. அவ ஆபீஸ் பக்கமே வீடு பாத்திருக்கோம். எனக்கும் அங்க ஒரு வேலை சொல்லியிருக்காங்க. அப்பப்ப வந்து பாத்துக்கறோம்."

"நல்லது," என்றேன்.

எல்லாம் உள்ளே பொடி அடைத்த கேப்ஸ்யூல் மாத்திரைகள், டப்பாவில் உதிரியாக இருந்தன. முடிபோன்ற கம்பியைப் பிடித்துப் பழகிய விரல் இது. ஒவ்வொன்றாகத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டு, கோதுமை மாவை அடைத்து மூடினேன். விஷமில்லை ஐயா, தினமும் தின்கிற மாவு. டாக்டர் மருந்து ஆளைக் கெடுத்துவிடும் என்று பட்டது. மருமகள் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தாள்.

வலி நிற்கவில்லை. டாக்டர் இன்னும் வீரியமான மருந்து கொடுத்தார். அதையும் மாற்றினேன். ஜுரம் கொதித்தது. பட்டறையிலேயே சுருண்டு படுத்தான்.

"குழந்தையும் வேணாம், வீடும் வேணாம்ப்பா. இந்த வலி நின்னா போதும்," என்றான்.

அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். உடனே நல்ல மருந்து வாங்கக் கிளம்பினேன். கடை வாசலில் நின்றபோது, உடம்பு தேறினால் மனசும் மாறிவிடுமே என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது கிருமி ரத்தமெல்லாம் ஏறியிருந்தது. பிழைக்கவில்லை.

மிச்ச மாத்திரைகளில் மாவைக் கண்டதும், கொடுத்த கை என்று மருமகளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. செய்தது நான்தான்.

அவளை விட்டுவிடுங்கள். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். நான் வெளியே வரும்போது வீட்டில் ஆள் வேண்டுமே. சொன்னால் கேட்பாள் ஐயா, என் மேல் அவளுக்கு ரொம்பப் பிரியம்.