கை ஓங்காத நூறு நாள்

எனக்குக் கைதட்டு வாங்கிப் பழக்கமே இல்ல மேடம். தையல் மெஷின்ல குனிஞ்சு உக்காந்திருக்கிறவளுக்கு யார் தட்டப் போறாங்க. அந்தக் கூட்டத்துலதான் முதல்முதலா தட்டினாங்க.

பெத்த பிள்ளையை அடிச்சுட்டு அப்புறம் உக்காந்து அழுறவங்க கூடுற கூட்டம் அது. சனிக்கிழமை நாலு மணி, லைப்ரரி மாடி. பேர் சொல்ல வேண்டாம். கை ஓங்காம எத்தனை நாள் ஆச்சுன்னு மட்டும் சொல்லணும். ரிட்டயர் ஆன நர்ஸம்மா ஒருத்தங்க நடத்துறாங்க. என் பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர் அண்ணன். அறுபது நாள் வரைக்கும் வந்தவர், ஒரு வாரம் "மறுபடி ஒண்ணுல இருந்து"ன்னு மூக்கைச் சிந்தினார். யாரும் தட்டல. தோளைத் தொட்டுட்டுப் போனாங்க. எனக்கு அந்தக் கதி வரக்கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

நர்ஸம்மா ஒரு வழி சொன்னாங்க. கோபம் தலைக்கேறினா பிள்ளைக்கும் உனக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கட்டும், நீ வெளியே போய்ப் பத்து நிமிஷம் நில்லு. நல்ல வழிதான். ஆனா நான் எழுந்து போனா வேலை நின்னுடும். அதனால பாப்பாவை உள்ள வெச்சேன். துணி மூட்டை போடுற சின்ன ரூம். எட்டு வயசுப் பிள்ளை தாராளமா உக்காரலாம். பத்து நிமிஷம் சில நாள் சாயங்காலம் வரைக்கும் போகும். கூட்டத்துல அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல.

அடிக்கிற கைதான் அணைக்கும்னு கேட்டு வளந்தவ நான். அடிக்கிறதை நிறுத்தினதும் அணைக்கிறதும் நின்னுபோச்சு. அது வேற கதை.

பாப்பாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, துணித்தூசி ஆகாது. மூச்சு முட்டினா வாயில அடிச்சுக்கிற ஸ்ப்ரே என் மெஷின் டிராயர்ல இருக்கும்.

போன சனிக்கிழமை எனக்கு நூறாவது நாள். அவளும் காலண்டர்ல பென்சில் கோடு போட்டு எண்ணிக்கிட்டேதான் இருந்தா. எனக்குக் கொடுக்க ஒரு அட்டையில பெரிசா நூறுன்னு எழுதி, கலர் அடிச்சுட்டு இருந்திருக்கா. அந்த மை, டெலிவரிக்கு வெச்சிருந்த வெள்ளை கவுன்ல கொட்டிடுச்சு.

கை துடிச்சுது மேடம். ஒரு அடி போட்டா, மறுபடி ஒண்ணுல இருந்து. கையைக் கட்டிக்கிட்டு, "உள்ள போ கண்ணு"ன்னேன். அவளே போனா.

"அம்மா, ஸ்ப்ரே."

"வந்து தரேன்."

தாழ்ப்பாள் போட்டுட்டுக் கிளம்பினேன். மணி மூணரை.

எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க. டிரைவர் அண்ணன் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "எப்படிம்மா முடிஞ்சுது உன்னால?"ன்னார். பொறுமைதான் அண்ணேன்னு சொன்னேன். கேக் வெட்டினாங்க. அவளுக்கும் ஒரு துண்டு பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வந்தேன்.

கதவைத் திறந்தப்போ மூட்டை மேல சாஞ்சிருந்தா. கூப்பிட்டேன். மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் கூப்பிட்டேன். பெத்த வயிறு எரியுது மேடம், அதை யார்கிட்ட சொல்லுவேன்.

தாழ்ப்பாள் போட்டது நான்தான். கேட்டும் ஸ்ப்ரே கொடுக்காதது நான்தான். என் பிள்ளை செத்தது என்னாலதான், அப்படியே எழுதிக்கோங்க. ஆனா கை வெச்சேன்னு மட்டும் எழுதிடாதீங்க. இன்னைக்கு நூத்திநாலாவது நாள்.