களத்துத் தூசிக்கு ஓர் ஊசி

நெல் தூசி எனக்கும் ஆகாது, ஐயா. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் வழக்குக் கோப்புகளின் மேல் படிந்திருப்பதும் தூசிதான். நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நம் உடம்பில் மாஸ்ட் செல் என்று ஓர் உயிரணு உண்டு. கட்சித் தொண்டரைப் போன்றது. யாராவது கைகாட்டிவிட்டால் போதும், வந்தது விருந்தாளியா திருடனா என்று பாராமல் கையில் உள்ளதையெல்லாம் வீசியெறியும். தும்மல், தடிப்பு, இரைப்பு எல்லாம் அதனால்தான்.

என் அம்மா களத்தில் நெல் தூற்றித் தூற்றி, மூச்சிரைத்தே செத்தவள். அதனால் களத்துத் தூசியைக் கரைத்து, சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி, உடம்பைப் பழக்கும் ஆராய்ச்சியில் இறங்கினேன். எழுபத்தொன்றாம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் நாற்பத்திரண்டு பேருக்குத் தொடங்கினேன். தை அறுவடையில் ஒருவருக்கும் இரைப்பு வரவில்லை. கட்டுரை வெளிவந்தது. தஞ்சாவூர்ச் சுவர்களில் 'ஒவ்வாமை வென்ற செம்மல் டாக்டர் கோவிந்தராசு' ஆனேன். மூக்கை மட்டும் ஓவியர் வேறு யாருடையதையோ வரைந்திருந்தார்.

மறு தையில் அமைச்சர் தலைமையில் பாராட்டு விழா. குணமான பெண் ஒருத்தி மேடையில் நெல் தூற்றிக் காட்ட வேண்டும் என்று விழாக்குழு ஆசைப்பட்டது. அம்சத்தின் பெயரைக் கொடுத்தேன். எங்கள் தெருக்காரி, அம்மாவோடு களத்தில் நின்றவள்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு அவள் மூச்சிரைத்துக்கொண்டே ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள்.

"தம்பி, போன தையில நாங்க யாரும் களத்துல இறங்கவே இல்லையே. கூலி கேட்டு மறியல் பண்ணிக்கிட்டு ரோட்டுலல்ல கெடந்தோம். மிராசுதாரு வெளியூர் ஆளை வச்சுத்தானே அறுத்தாரு. தூசியே படாதவளுக்கு இரைப்பு எங்கேருந்து வரும்?"

அந்த மாதம் ஒருவர்கூடத் தவறாமல் ஊசிக்கு வந்ததை என் புகழ் என்று நினைத்திருந்தேன்.

"இப்ப மூக்கைக் கட்டத் துணி கேட்டா, இரைக்கிறவங்களத் தூத்த விடாதீங்கன்னா, மிராசுதாரு உன் படத்தைக் காட்டுறாரு. 'அதான் உங்க டாக்டரு குணமாக்கிட்டாரே, தூத்துங்கடி'ங்கிறாரு. நேத்து உன்கிட்ட ஊசி போட்டுக்கிட்ட நீலாம்பாள் களத்துலேயே விழுந்துட்டா. நீயே மேடையில உள்ளதைச் சொல்லிடு தம்பி. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

அவள் ஒருமுறைகூட என்னை டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

யோசித்தேன். எங்கள் தெருவிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அது போனால் எனக்குப் போக்கிடம் அந்தக் களம்தான். எழுந்து குப்பிப் பெட்டியைத் திறந்தேன்.

எங்கள் குப்பிகளில் ஐந்தாம் எண் நீர்த்தது, ஒன்றாம் எண் கடுமையானது. இடையில் நிறுத்தியவருக்கு ஐந்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான். அம்சம் பத்து மாதமாக ஊசி போட்டுக்கொள்ளவில்லை. குணமாகிவிட்டது என்று நான்தான் நிறுத்தியிருந்தேன்.

"இரைப்புக்கு ஒரு ஊசி போட்டுடறேன், அக்கா" என்றேன். ஒன்றாம் எண்ணிலிருந்து எடுத்தேன்.

மூன்றாம் நிமிடம் தடிப்பு. ஆறாம் நிமிடம் உதடு வீங்கியது. குறித்துக்கொண்டேன். முறிமருந்து மேஜை இழுப்பறையில் இருந்தது. சாவி என் சட்டைப்பையில்.

"உங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா, தம்பி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பத்தொன்பதாம் நிமிடத்துக்குப் பிறகு குறிக்க ஒன்றுமில்லை.

விழா நன்றாகவே நடந்தது. தூற்ற ஆள் இல்லாததால் அமைச்சரே முறத்தை வாங்கி இரண்டு தடவை தூற்றினார், தும்மினார், கைதட்டினார்கள்.

அம்சம் இன்னும் என் நாற்பத்திரண்டில் ஒருத்தியா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மறுபதிப்பில் நாற்பத்தொன்று என்று திருத்திவிட்டேன். சிகிச்சையை முழுதாக முடிக்காதவரைக் குணமானவர் பட்டியலில் வைத்திருப்பது ஆராய்ச்சி நேர்மை ஆகாது, ஐயா.