கிரெய்ன் பெருமகனாரின் பைக்குள் நீண்ட கை

அவையை ஆளும் தலைவர் அவர்களே! டன்ஹாம் துறையின் மூத்த பெருமக்களே! சிப்பிச் சாற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கரண்டியோடு வந்து நிற்கும் தாய்மார்களே! படகைக் கட்டிப் போட்டுவிட்டு உப்புக்காற்று மணக்க உள்ளே நுழைந்திருக்கும் தோழர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

அரசியல் சட்ட நாளுக்குப் பேச அழைத்தீர்கள். பிலடெல்பியாவில் கூடி அந்தச் சட்டத்தை எழுதிய பெரியவர்களைப் பாட ஆயிரம் வாய்கள் உண்டு. நம் ஊர் விடுதிக்காரி மெஹிட்டபெல் ஸ்டோடர்டைப் பாட யார் உண்டு? நான் உண்டு! கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், கதை இனிமேல்தான்.

இங்கிலாந்து மன்னர் நம்மை ஆண்ட காலம். வரி கட்டாமல் கடத்தி வந்த வெல்லப்பாகைத் தேடிச் சுங்கச் சேவகர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஓர் ஆணை. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, காரணம் இல்லை. எந்தக் கதவுக்கும் பொருந்தும் கள்ளச்சாவி அது! மெஹிட்டபெல்லின் கணவர் கடலில். அவளோ பிள்ளை பெற்று மூன்றாம் நாள். மாவுப் பீப்பாயைக் கவிழ்த்தார்கள். பச்சைக் குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு, அது படுத்திருந்த இறகு மெத்தையைக் கத்தியால் கிழித்தார்கள். கிடைத்தது என்ன? இறகு! வெறும் இறகு!

போர் வந்தது. மன்னர் போனார். ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழின் டிசம்பரில், புதிய அரசியல் சட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க ஊர் கூடியது. பாஸ்டன் மாநாட்டுக்கு நம் பேராளர் எலிஃபலெட் கிரெய்ன். நிலபுலம் உள்ளவர், நல்லவர், நாவன்மை மிக்கவர். கூட்ட மண்டபத்தில் குளிர் கொன்றது. சபை மெஹிட்டபெல்லின் விடுதிக்கே இடம் பெயர்ந்தது. பெண்ணுக்கு வாக்கு இல்லாத காலம். ஆனால் கணப்பு அவளுடையது!

கிரெய்ன் முழங்கினார். "அப்படியே ஒத்துக்குவோம். உரிமைகளைத் தனியா எழுதணும்னு ஏன் அடம் பிடிக்கிறீங்க? இனி ஆளப்போறது நம்ம ஆளுங்க. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்னய்யா பயம்?"

ஆப்பிள் மது ஊற்றிக்கொண்டிருந்த மெஹிட்டபெல் குவளையைக் கீழே வைத்தாள். "ஐயாகிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்னம்மா ஒளிவு?"

அவ்வளவுதான். நாற்காலியில் தொங்கிய அவர் பயணப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். உள்ளே கை விட்டாள். ஓட்டைக் காலுறை வந்தது. பாதி கடித்த பாலாடைக்கட்டி வந்தது. பிறகு வந்தன, அன்பர்களே, பஞ்சு அடைத்த இரண்டு பொய்க் கெண்டைக்கால்கள்! மெலிந்த காலை மறைக்கக் கனவான்கள் காலுறைக்குள் செருகிக்கொள்ளும் திண்டுகள்!

"ஐயா, காலைக் கழட்டி வச்சிட்டா நடந்து வந்தீங்க?" என்றான் ஒரு மீனவன். கூரை அதிரச் சிரித்தது கூட்டம். நீங்களும் சிரியுங்கள், தாய்மார்களே, தவறில்லை!

கிரெய்ன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை மறுபடி உள்ளே போனது. பட்டுத்துணியில் பொதிந்த ஏதோ ஒன்று விரலில் பட, அவர் முகம் வெளுத்தது. "தொடாதே! என் பையைத் தொட உனக்கு என்ன உரிமை?"

"தொடக்கூடாதுன்னு உங்க சட்டக் காகிதத்துல எங்க எழுதியிருக்கு, ஐயா?"

சிரிப்பு நின்றது. அவள் கையை எடுத்தாள். பையை மூடி, மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுக்கு மேல என் கை போகாது. என் மனசு போக விடல. நாளைக்கு வர்றவனுக்கு இந்த மனசு இருக்கும்னு யாரு ஜாமீன்? என் புள்ளையத் தரையில போட்டவனும் யாரோ ஒரு தாய் பெத்தவன்தானே?"

கிரெய்ன் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். "இந்தம்மா சொல்றது சரி. சட்டத்தை ஒத்துக்குவோம். கூடவே உரிமைகளை எழுதித் தரச் சொல்லியும் கேப்போம்." கைகள் உயர்ந்தன. அந்தக் கட்டளையோடுதான் அவர் குதிரை ஏறினார். மாநாடும் அப்படியே முடிவெடுத்தது: ஏற்கிறோம், திருத்தம் கேட்கிறோம்!

நான்கு குளிர்காலம் கழிந்தது. உரிமைகள் சட்டமான செய்தியை ஏந்தி, கிரெய்னே விடுதிக்கு வந்து வாசித்தார். காரணமின்றி வீடு புகலாகாது. தேடும் இடத்தைக் குறிக்காத ஆணை செல்லாது.

"இன்னொரு தரம் வாசிங்க" என்றாள். வாசித்தார்.

"இன்னும் ஒரு தரம்."

"மனப்பாடமே ஆயிடும்மா!"

"ஆகட்டும், ஐயா. ஊருக்கே ஆகட்டும்!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்பர்களே! நல்லவர் ஆள்வார் என்று நம்பியா அந்த வரி பிறந்தது? இல்லை! வல்லவர் வழங்கிய வரமா அது? இல்லை! நல்லவரே ஆண்டாலும் எழுதி வை என்று, வாக்கே இல்லாத ஒருத்தி வாய் திறந்து கேட்டாளே, அவளைப் போல் ஊருக்கு ஊர் கேட்டார்களே, அதனால் பிறந்தது! கேட்டவர்களின் பிள்ளைகள் நாம். கேட்டுக்கொண்டே இருப்போம்!

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. சாறு ஆறுவதற்குள் விடைபெறுகிறேன். வணக்கம்!